இடியின் வாசனையைப் பிடித்தவர்!

ஜவ்வாது மலையில் கோடை மழை இடியோடு வரும். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மின்னல் வெட்டி, இடி முழங்கி ஓய்ந்ததும், சில வேளை காற்றில் ஒரு நெடி நிற்கும். அது பூவின் மணம் அல்ல. புகையின் நாற்றமும் அல்ல. மூக்கின் நுனியைச் சுருக்கென்று தொட்டுவிட்டு மறைந்துவிடும்.

அதே மழைத் தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிறது. கொஞ்சம் பீமன் அருவியில் விழுகிறது. கொஞ்சம் செய்யாற்றில் சேருகிறது. இன்னும் கொஞ்சம் பாறை வெடிப்புகளில் புகுந்து பூமிக்குள் போகிறது.

வானத்திலிருந்து விழும்போது அது மென்மையான தண்ணீர். பூமிக்குள் இறங்க இறங்க, பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அடிவாரத்துக் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் இறைக்கும்போது, பல இடங்களில் அது கடின நீராக மாறியிருக்கும். ஊரில் அதை உப்புத் தண்ணீர் என்பார்கள். அதில் சோப்பு நுரைக்காது. பருப்பு சீக்கிரம் வேகாது. வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளை ஏடு கட்டும்.

வானத்தில் அந்த நெடி. பூமியில் இந்தக் கடினம். அந்த நெடிக்குக் காரணமான வாயுவை இந்தத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் நல்லதாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால், அந்த நெடியைத் தேடிப் பிடித்த மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் கிறிஸ்டியன் பிரடெரிக் ஷோன்பைன். அவர் பிடித்த வாயுவின் பெயர் ஓசோன்.

சாயக்காரர் மகன்

ஜெர்மனியின் தென்பகுதியில் மெட்சிங்கன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1799-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி ஷோன்பைன் பிறந்தார். தகப்பனார் துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிலாளி. வசதியான குடும்பம் அல்ல.

பள்ளிக்கூடப் படிப்பு நீடிக்கவில்லை. மீசை முளைக்காத வயதிலேயே, போப்லிங்கன் என்ற ஊரில் இருந்த ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தார். மருந்துச் சரக்குகளும் ரசாயனப் பொருள்களும் அங்கே தயாராயின. பகலில் வேலை; ஓய்வு நேரத்தில் படிப்பு. லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம், கணிதம் என்று தாமாகவே கற்றார்.

தொழிலாளியாக நுழைந்த பையன் ரசாயனம் தெரிந்த வாலிபனாக வெளியே வந்தான். பிறகு டியூபிங்கன், எர்லாங்கன் சர்வகலாசாலைகளில் படித்தார். பாலர் பள்ளி முறையை உலகுக்குத் தந்த பிரபெல் நடத்திய பள்ளியில் ஆசிரியராக இருந்தார். இங்கிலாந்து சென்று அங்கேயும் பாடம் சொல்லிக் கொடுத்தார். பாரிஸ் நகருக்குப் போய்ப் பெரிய விஞ்ஞானிகளின் சொற்பொழிவுகளைக் கேட்டார்.

1828-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள பாசெல் நகரச் சர்வகலாசாலை அவரை அழைத்தது. அங்கே போனவர் சாகும் வரையில் அந்த நகரை விட்டுப் பிரியவில்லை. நாற்பது ஆண்டுகள்!

பாசெல் பழைய நகரம், பழைய சர்வகலாசாலை. ஆனால் அப்போது பணமுடை. 1833-ல் உள்நாட்டுச் சண்டையால் பாசெல் பிரதேசமே இரண்டாகப் பிரிந்தது. சர்வகலாசாலையின் சொத்தும் பங்கு போடப்பட்டது. ஆராய்ச்சிக்குப் பெரிய கட்டடம் இல்லை. விலை உயர்ந்த கருவிகளும் இல்லை. 1835-ல் ஷோன்பைன் முழுப் பேராசிரியர் ஆனார். கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டே வேலை செய்தார்.

மூக்குக் கொடுத்த சாட்சி

1839-ம் ஆண்டு. தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்க்கும் சோதனையில் ஷோன்பைன் ஈடுபட்டிருந்தார். மின்சாரம் பாய்ந்தால் தண்ணீர் இரண்டு வாயுக்களாகப் பிரியும். ஒரு முனையில் பிராணவாயு, அதாவது ஆக்சிஜன். மற்றொரு முனையில் ஹைட்ரஜன். இது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் ஒன்று அவர் கவனத்தை இழுத்தது. பிராணவாயு வரும் முனையில் ஒரு நெடி வந்தது. பிராணவாயுவுக்கு வாசனை கிடையாது. ஹைட்ரஜனுக்கும் கிடையாது. பிறகு இந்த நெடி எங்கிருந்து வந்தது?

இந்த நெடியை முகர்ந்த முதல் மனிதர் அவர் அல்ல. ஹாலந்து தேசத்து வான் மாரம் என்பவர், மின்பொறி பறக்கும் இயந்திரத்தின் அருகே 1785-லேயே இதை உணர்ந்து எழுதி வைத்திருந்தார். அதற்கு முன்பும் இடி விழுந்த இடத்தில் ஒரு வாடை வீசுவதை மக்கள் அறிந்திருந்தார்கள். மின்சாரத்துக்கு அப்படி ஒரு வாசனை உண்டு என்று சொல்லி அத்துடன் விட்டுவிட்டார்கள்.

ஷோன்பைன் விடவில்லை. மின்சாரத்துக்கு ஏது வாசனை? வாசனை இருந்தால், அங்கே ஒரு பொருள் இருக்கவேண்டும். அந்தப் பொருள் எது? இந்தக் கேள்விதான் அவரைப் பெரிய மனிதர் ஆக்கியது.

அந்த வாயுவைப் புட்டியில் அடைத்துப் பார்த்தார். புட்டிக்குள்ளும் நெடி இருந்தது. ஆகவே இது மின்சாரத்தின் குணம் அல்ல. தனிப் பொருள் என்று முடிவு கட்டினார். 1840-ல் தம் முடிவைப் பாரிஸ் விஞ்ஞானிகளுக்குக் கடிதம் மூலம் தெரிவித்தார். பிற்பாடு, மின்சாரம் இல்லாமல், ஈரக் காற்றில் பாஸ்பரஸ் மெல்ல எரியும்போதும் அதே நெடி வருவதைக் கண்டார்.

அதற்கு ஒரு பெயர் வேண்டுமே! கிரேக்க மொழியில் வாசனை வீசுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஓசோன் என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் ஜவ்வாது என்றால் வாசனை நினைவுக்கு வருகிறது. கிரேக்கம் தெரிந்தவர்களுக்கு ஓசோன் என்றாலும் அப்படித்தான்.

அது என்ன பொருள்?

பெயர் வைத்தாயிற்று. ஆனால் அது எதனால் ஆனது? முதலில் ஷோன்பைன், குளோரினைப் போன்ற புது வாயு என்று நினைத்தார். பிறகு ஹைட்ரஜன் கலந்த ஏதோ ஒன்று என்று நினைத்தார். இரண்டும் தவறு.

1845-ல் ஜெனீவா நகரத்து விஞ்ஞானிகள், சுத்தமான பிராணவாயுவில் மின்சாரத்தைப் பாய்ச்சியே ஓசோனை உண்டாக்கிக் காட்டினார்கள். வேறு எதுவும் சேர்க்கவில்லை. எனவே ஓசோன் என்பது பிராணவாயுவின் இன்னொரு வடிவம்தான்! 1865-ல் சோரே என்ற விஞ்ஞானி கணக்கையும் சொன்னார். பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் கைகோத்திருக்கின்றன. ஓசோனில் மூன்று.

அந்த மூன்றாவது அணுதான் விஷயம். அதற்கு அங்கே இருப்புக் கொள்ளாது. எப்போது விலகலாம், எதைப் பிடிக்கலாம் என்று துடிக்கும். கிருமியின் தோலைக் கண்டால் அதைத் தாக்கும். சாயத்தைக் கண்டால் வெளுக்கும். இரும்பைக் கண்டால் துருவாக்கும். வேலை முடிந்ததும் ஓசோன் வெறும் பிராணவாயுவாகிவிடும். ஓசோனின் பலமும் பலவீனமும் இந்தத் துடிப்பில்தான் இருக்கின்றன.

வெடித்த பஞ்சு

ஷோன்பைனுக்கு உலகப் புகழ் தந்தது ஓசோன் அல்ல, பஞ்சு!

1845-ம் ஆண்டு முடிவிலும் 1846-ம் ஆண்டிலும் அவர் காரமான திராவகங்களை வைத்து ஆராய்ந்தார். வீட்டுச் சமையல் அறையில் திராவகம் சிந்தியது என்றும், மனைவியின் பருத்தி முன்றானைத் துணியால் துடைத்து அடுப்பருகே உலர்த்தினார் என்றும், அது படீரென்று எரிந்து மறைந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், நைட்ரிக் திராவகமும் கந்தகத் திராவகமும் சேர்ந்த கலவையில் நனைத்த பஞ்சு பயங்கரமான வெடிமருந்து ஆகும் என்பதை அவர் கண்டுபிடித்தது உண்மை. புகை கக்காத வெடி! அரசாங்கங்கள் அவரை நாடின.

ஆனால் அவசரம் ஆபத்தாயிற்று. இங்கிலாந்தில் பேவர்ஷாம் என்ற ஊரில் இந்த வெடிப்பஞ்சு தயாரித்த ஆலை 1847-ம் ஆண்டு ஜூலை மாதம் வெடித்துச் சிதறியது. சுமார் 20 தொழிலாளிகள் மாண்டார்கள். ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது வேறு, அதைக் கட்டிக் காப்பது வேறு என்பதை உலகம் விலை கொடுத்துக் கற்றது. இந்தப் பஞ்சை அடக்கி ஆளப் பல ஆண்டுகள் பிடித்தன.

நீலமான காகிதம்

ஷோன்பைன் மனம் ஓசோனை விட்டு நீங்கவில்லை. காற்றில் ஓசோன் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி செய்தார். கஞ்சிப் பசையில் பொட்டாசியம் அயோடைடு என்ற உப்பைக் கலந்து காகிதத்தில் தடவினார். ஓசோன் பட்டால் அந்தக் காகிதம் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, ஓசோன் அவ்வளவு அதிகம்.

மலிவான காகிதம், யாரும் பயன்படுத்தலாம். ஐரோப்பா எங்கும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அந்தக் காகிதத்தைத் தொங்கவிட்டுத் தினமும் நிறம் பார்த்தார்கள். ஈரமும் வேறு வாயுக்களும் நிறத்தை மாற்றிவிடும் என்பதால் கணக்கு சரியாக வரவில்லை. ஆனாலும் காற்றில் உள்ள ஓசோனை மனிதன் அளக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஏன் இந்த ஆவல்? அது காலரா ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலம். நோய் கெட்ட காற்றினால் வருகிறது என்று பெரும்பாலோர் நம்பினர். அழுகிய வாடையை ஓசோன் அழித்துவிடும் என்பதை ஷோன்பைன் அறிந்திருந்தார். ஆகவே கெட்ட காற்றைச் சுத்தம் செய்ய இயற்கை வைத்த காவலாளி ஓசோன்தான் என்று எண்ணினார். காற்றில் ஓசோன் குறைந்தால் காலரா வரும் என்று பல மருத்துவர்கள் கணக்குப் பார்த்தார்கள்.

அதே ஷோன்பைன்தான் ஓசோனின் கெடுதலையும் சொன்னவர். அதைச் சுவாசித்த அவருக்கு நெஞ்சு வலித்தது, மூச்சு முட்டியது. ஓசோன் மிகுந்த காற்றில் விட்ட எலிகள் செத்தன. கண்டதை அவர் மறைக்கவில்லை.

காலராவின் ரகசியம் வேறு இடத்தில் இருந்தது. 1854-ல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர், ஒரு தெருக் குழாயின் தண்ணீரைக் குடித்தவர்களே காலராவில் விழுந்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்துக் காட்டினார். பிறகு 1884-ல் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் நம் கல்கத்தாவுக்கே வந்து, காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். குற்றவாளி காற்று அல்ல, தண்ணீர்!

ஓசோன் சுத்தம் செய்யும் என்பது சரி. ஆனால் ஷோன்பைன் அதைத் தேடிய இடம் காற்று. அது மனிதருக்குப் பெரிய உதவி செய்யக் காத்திருந்த இடம் தண்ணீர்.

அவர் பார்க்காத வெற்றி

1857-ல் ஜெர்மனியில் சீமென்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு கருவி செய்தார். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாய். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். பொறி பறக்காமல் மின்சாரம் அந்தக் காற்றின் வழியே பாயும். உள்ளே போனது காற்று. வெளியே வந்தது ஓசோன் கலந்த காற்று. வானத்து மின்னல் செய்யும் வேலையை ஒரு குழாய் செய்தது!

அந்தக் கருவி வந்தபோது ஷோன்பைன் உயிரோடு இருந்தார். ஆனால் அது ஊருக்குத் தண்ணீர் தரும் நாளைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1868-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, ஜெர்மனியில் பாடன்பாடன் அருகே அவர் காலமானார். வயது 68.

கால் நூற்றாண்டு சென்றது. 1891-ல் பெர்லின் அருகே சீமென்ஸ் கம்பெனியார் ஓசோனால் ஆற்று நீரைச் சுத்தம் செய்து சோதித்தார்கள். கிருமிகள் மடிந்தன. 1893-ல் ஹாலந்தில் ஔட்ஷோர்ன் என்ற ஊரில் ரைன் ஆற்று நீரை ஓசோனால் சுத்தப்படுத்தினார்கள். 1906-ல் பிரான்சில் நீஸ் நகரம் நிலையான ஓசோன் குடிநீர் நிலையத்தை அமைத்துக்கொண்டது. அந்த ரைன் ஆறுதான் பாசெல் நகரத்தின் நடுவே ஓடுகிறது. ஷோன்பைன் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த நகரத்தைத் தொட்டுக்கொண்டு போன ஆற்றின் நீர், அவர் கண்ட வாயுவால் தூய்மை பெற்றது!

கல்லும் கோந்தும்

இனி நம் வெந்நீர்த் தவலைக்கு வருவோம். கடின நீரை ஓசோன் மென்மையாக்குமா?

ஆக்காது! இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து கிருமி அல்ல, கொல்வதற்கு. அழுக்கு அல்ல, எரிப்பதற்கு. அது கல்லின் சத்து. ஓசோனின் மூன்றாவது அணு அதைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஓசோன் விட்ட பிறகும் அந்தச் சத்து தண்ணீரில் அப்படியே இருக்கும். தண்ணீர் சூடாகும்போது வெள்ளை ஏடாகப் படியும்.

ஆனால் ஓசோனால் நடக்கிற வேறு ஒரு நன்மை இருக்கிறது. குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவினால் சில சமயம் வழுவழு என்று இருக்கும். அது கிருமிகள் கூடி வாழ்கிற வீடு. கிருமிகள் ஒரு பசையைக் கக்கி, அதற்குள்ளே பதுங்கிக்கொள்கின்றன. ஓடுகிற தண்ணீரில் மிதந்து வரும் சுண்ணாம்புத் துகளும் மண்ணும் துருவும் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. கல் மேல் கல்லாக ஏறுகிறது. செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, கல்லுக்கு நடுவே இந்தப் பசை கோந்தாக நிற்கிறது.

ஓசோன் தாக்குவது இந்தக் கோந்தை. பசையில் வாழும் கிருமிகள் சாகின்றன, பசை தளருகிறது. கோந்தைப் பிடித்துக்கொண்டிருந்த படிவு பிடி விடுகிறது. பெரிய கட்டடங்களில் குளிர்சாதனத்துக்காகத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் கோபுரங்களில் இந்த முறை பயன்படுகிறது. கரைந்திருக்கும் இரும்பையும் ஓசோன் துருவாக்கித் தனியே பிரித்துவிடும், பிறகு வடிகட்டிவிடலாம்.

அங்கேயும் ஒரு எல்லை உண்டு. தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால், கோந்து இல்லாமலே கல் படியும். தண்ணீர் சூடாக இருந்தால் ஓசோன் அதில் நிற்காது. சாதாரணத் தண்ணீரிலேயே பாதி ஓசோன் அரை மணிக்குள் மறைந்துவிடும். அதனால்தான் ஓசோனால் சுத்தம் செய்த தண்ணீரை நீண்ட தூரம் குழாயில் அனுப்பும்போது, வழியில் காவலுக்குக் கொஞ்சம் குளோரினும் சேர்க்கிறார்கள்.

வீட்டுக்கு உதவும் விவரம்

இன்று நம் ஊர்களில் கேனில் வரும் குடிதண்ணீருக்கும் பல ஆலைகளில் ஓசோன் விடுகிறார்கள். அங்கே வேலை பங்கு போடப்பட்டிருக்கிறது. கடினத்தை நீக்குவது சவ்வு வடிகட்டி. கிருமியைக் கொல்வது ஓசோன். சவ்வு வடிகட்டி செய்யும் வேலையை ஓசோன் செய்ய முடியாது.

குடிநீரில் எவ்வளவு கடினம் இருக்கலாம்? இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2012-ல் வகுத்த அளவு இது: ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் இந்த அளவு தெரிந்துவிடும். பணம் போட்டுக் கருவி வாங்குமுன் இந்தச் சோதனையைச் செய்வதே புத்திசாலித்தனம். ஓசோன் கருவி ஒன்றே உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

கொதிக்க வைத்தால் கடினத்தில் ஒரு பகுதி அடியில் படிந்து தண்ணீர் ஓரளவு மென்மையாகும். தவலையில் படிந்த வெள்ளை ஏட்டைப் புளித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி ஊறவைத்தால் கரைத்து எடுக்கலாம். இது பாட்டி காலத்து ரசாயனம். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் வழுவழுப்பு சேராது. ஓசோன் கருவி உள்ள இடத்தில் காற்றோட்டம் இருக்கவேண்டும். நெடி மூக்கில் ஏறினால் வெளியே வந்துவிட வேண்டும். ஷோன்பைன் தம் நெஞ்சு வலியால் கற்ற பாடம் இது.

சாயக்காரர் மகன் ஒருவர், மற்றவர்கள் முகர்ந்துவிட்டு மறந்த ஒரு வாடையை மறக்காமல் பின்தொடர்ந்தார். அது என்னவென்று முழுதும் அறியாமலே கண்மூடினார். அது காற்றைக் காக்கும் என்று நம்பினார். அது தண்ணீரைக் காத்தது. அவர் பெயர் தெரியாத எத்தனையோ வீடுகளில், இன்று குழந்தைகள் குடிக்கும் தண்ணீரில் அவர் கண்ட வாயு தன் வேலையை முடித்துவிட்டு, நெடி கூட இல்லாமல் மறைந்துபோகிறது.